மூன்று நிமிட டிஸ்க்

அத்தியாயம் 5

அய்யாசாமி மேஜைமேல் வைத்த டிஸ்க்கைத் துப்பறியும் தர்மன் தொடவில்லை. பக்கத்தில் இருந்த சமோசாவைத்தான் தொட்டார்.

கரோல் பாகில் ஒரு லெஹங்கா கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது அவருடைய ஆபீஸ். வருகிற கேஸ்களில் பாதி, பார்த்திருக்கும் மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரிப்பது. மீதிப் பாதி, குடிப்பார் என்று தெரிந்த பிறகு எவ்வளவு என்று விசாரிப்பது. ஒருவருடைய வீட்டைக் காப்பாற்றும் கேஸ் வந்தது இதுதான் முதல் தடவை.

"இன்னைக்கு நாலு மணிக்குக் கடைசி விசாரணை சார்," என்றார் அய்யாசாமி. "அதுக்குள்ள ஆதாரம் குடுக்கலைன்னா வீட்டக் காலி பண்ணச் சொல்லி ஆர்டர் போட்டுருவாங்க."

அய்யாசாமி உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். ஓர் அமைச்சகத்தில் கிளார்க். ஆர்.கே.புரத்தில் அரசுக் குடியிருப்பின் தரைத்தளத்தில், வாசலில் கொய்யா மரத்தோடு, பதினோரு வருடமாகக் குடியிருக்கிறார். செப்டம்பர் மாதம் யாரோ ஒரு புண்ணியவான் அவர்மேல் மொட்டைக் கடிதாசி போட்டிருந்தார். அய்யாசாமி குடும்பம் வேறெங்கோ குடிபோய்விட்டது, சர்க்கார் வீட்டை இந்த மாதம் முதல் உள்வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கிறார்கள் என்று. விசாரிக்க வந்தவர்கள் வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு வந்தார்கள். 'பூட்டியிருந்தது' என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஆபீசுக்குப் போகிறவன் வீடு பதினொரு மணிக்குப் பூட்டித்தான் இருக்கும் என்பது, அவர்களும் ஆபீசுக்குப் போகிறவர்கள் என்றாலும், தோன்றவில்லை.

"ஆதார், கேஸ் பில், கரண்ட் பில்லு எல்லாம் காட்டினீங்களா அங்கிள்?" என்று கேட்டாள் மது. தர்மனின் உதவியாளர். டெல்லியில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கச் சொன்னால் பஸ் நம்பரை மட்டும் படிப்பாள்.

"காட்டுனேம்மா. உள்வாடகைக்கு விடுறவந்தான் இதெல்லாம் பக்காவா வச்சிருப்பான்னு அந்த ஆபீசர் சொல்லிட்டாரு."

"பக்கத்து வீட்டுக்காரங்க சொல்ல மாட்டாங்களா?"

"அவங்கள்ல பாதிப் பேரு தரைத்தள வீட்டுக்கு எழுதிப் போட்டுட்டுக் காத்திருக்கிறவங்க. எனக்கு எதுக்கு வம்புன்னு ஒதுங்கிட்டாங்க." அய்யாசாமி கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வீட்டோட போகாது. சார்ஜ் ஷீட்டு வரும். எம் மக கவிதாவுக்கு மார்ச்சுல பன்னெண்டாவது பரீட்சை. எம் பொஞ்சாதி தாயம்மா காலையிலயே பெட்டி கட்ட ஆரம்பிச்சுட்டா. வேணாம்டின்னு சொல்லிட்டு வந்தேன், காதுல வாங்கல."

அவருக்கு மிச்சமிருந்த ஒரே ஆதாரம் கொலு. ஜனக்புரியில் இருக்கும் முத்தமிழ் அரங்கம் நவராத்திரிக்கு வருடாவருடம் கொலுப் போட்டி நடத்தும். நடுவர்கள் வீடு வீடாகப் போய்ப் பொம்மையைப் பார்த்து, சுண்டலைச் சாப்பிட்டு, மார்க் போடுவார்கள். எல்லாவற்றையும் அரங்கத்தின் தொழில்நுட்பச் செயலாளர் ஸ்ரீவத்ஸன் வீடியோ எடுப்பார். செப்டம்பர் இருபத்தெட்டு, ஞாயிற்றுக்கிழமை, அய்யாசாமி வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் கதவு எண், உள்ளே ஏழு படிக் கொலு, கவிதா பாட்டு, தாயம்மாள் கையில் சுண்டல் தட்டு, கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி உட்பட அத்தனையும் வீடியோவில் இருக்கிறது. மூன்றாம் பரிசு. முதல் பரிசு அரங்கத் தலைவர் வீட்டுக்கு, இரண்டாம் பரிசு பொதுச் செயலாளர் வீட்டுக்கு. மூன்றாவதுதான் போட்டி.

"சாட்சி எல்லாம் பொம்மைங்க. குறுக்கு விசாரணையே பண்ண முடியாது. பஹுத் அச்சா," என்றாள் மது.

விசாரணை ஆபீசில் பென் டிரைவ் செருகக் கூடாது என்று உத்தரவு. டிஸ்க்கில்தான் கொடுக்க வேண்டும். ஸ்ரீவத்ஸன் தன் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஐம்பது ஜி.பி. பிடிக்கிற புளூ-ரே டிஸ்க்கில் பர்ன் பண்ணிக் கொடுத்தார். கவரின் மேல் 'உண்மை நகல்' என்று ரப்பர் ஸ்டாம்பும் குத்தினார்.

"போன வெள்ளிக்கிழமை ஆபீசுல போட்டா படம் வரல சார். ஆனா குடுத்த அன்னைக்கு ஸ்ரீவத்ஸன் சார் வீட்டுல எங்கண்ணு முன்னாடி போட்டுக் காட்டுனாரு. நல்லா ஓடுச்சு. நானே பாத்தேன்."

தர்மன் சமோசாவை வைத்தார். "அவர் வீட்டுல ஓடுச்சு. வேற எங்கேயும் ஓடல. மது, அந்த டிரைவை எடு."

அய்யாசாமி போனில் சொன்னதுமே, புளூ-ரே டிரைவ் ஒன்றை வாடகைக்கு எடுக்க மது முந்தின நாள் நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் சந்தை முழுக்க அலைந்திருந்தாள். முதல் கடைக்காரர் சிரித்தார். இரண்டாவது கடைக்காரர் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சேர்ந்து சிரித்தார். மூன்றாவது கடையில் தூசி தட்டி ஒன்றைக் கொடுத்தார்கள்.

டிஸ்க் உள்ளே போனது. திரையில் ஒரே ஒரு படக்குறி வந்தது. மது அதைத் தட்டினாள். 'ஃபைல் இல்லை' என்றது கம்ப்யூட்டர். டிஸ்க்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"சார்ஜி, ரெண்டு கே.பி.! அம்பது ஜி.பி. டிஸ்க்ல ரெண்டு கே.பி.! கல்யாண மண்டபத்தை புக் பண்ணி ஒரே ஒருத்தர் காபி குடிச்சுட்டுப் போன மாதிரி."

"அப்படின்னா?" என்றார் அய்யாசாமி பயந்துபோய்.

"இது வீடியோ இல்ல அங்கிள். ஷார்ட்கட். வீடியோ எங்க இருக்குன்னு வழி காட்டுற குறி, அவ்வளவுதான்."

"கவர் மேல விலாசம் இருக்கு, உள்ள கடுதாசி இல்ல," என்றார் தர்மன். "விலாசம் ஸ்ரீவத்ஸன் வீட்டுக் கம்ப்யூட்டரோடது. அதனால அங்க போட்டா, அங்கேயே இருக்கிற வீடியோவைத் திறந்து காட்டும். நீங்க டிஸ்க் ஓடுதுன்னு நினைச்சீங்க. ஓடினது அவரோட கம்ப்யூட்டர்."

"எங்கப்பாவும் இதேதான் பண்ணுவார்," என்றாள் மது. "என் பர்த்டே போட்டோஸ்னு பெரியம்மாவுக்கு டிஸ்க் அனுப்பினார். பெரியம்மா இன்னிக்கு வரைக்கும் திட்டிட்டிருக்கா. பாவம், வயசானவங்க மிஸ்டேக்."

"இருக்கலாம்." தர்மன் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபது. "மெட்ரோவில ஒரே ரயில்தான். போய்க் கேட்டுடலாம். அய்யாசாமி, நீங்க வீட்டுக்குப் போங்க. போன் பண்றேன்."

"பெட்டி கட்டச் சொல்லவா, வேணாங்கவா சார்?"

தர்மன் டிஸ்க்கைக் கவரில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.



ஸ்ரீவத்ஸனின் ஜனக்புரி வீட்டு வாசலில் பித்தளைப் பலகை இருந்தது. பெயர், அதற்குக் கீழே 'செக்‌ஷன் ஆபீசர்', அடைப்புக்குறிக்குள் 'ஓய்வு'. எட்டு வருடம் முன்பு ஓய்வு பெற்றதாக அரசாங்கம்தான் நினைத்துக்கொண்டிருந்தது.

உள்ளே ஒரு அறை முழுக்க ஆபீஸ். கம்ப்யூட்டர், ஸ்டாம்ப் பேட், சிவப்பு நாடா, ஒரு காட்ரேஜ் அலமாரி. மூக்குக்கண்ணாடிக் கூட்டில்கூட ஒரு சீட்டு ஒட்டி 'கண்ணாடிக் கூடு' என்று எழுதியிருந்தது.

"அய்யாசாமி அனுப்பிச்சாரா? உட்காருங்கோ," என்றார் ஸ்ரீவத்ஸன். அறுபத்தெட்டு வயது. இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்டில் மூன்று நிறத்தில் பேனா. "என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லை சார், டிஸ்க்ல வீடியோவுக்குப் பதிலா ஷார்ட்கட் ஏறிடுச்சு," என்றார் தர்மன். "வீடியோவை இன்னொரு தடவை பர்ன் பண்ணிக் குடுத்தீங்கன்னா..."

ஸ்ரீவத்ஸன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடடா! ஷார்ட்கட்டா? எப்படி ஏறித்துன்னு தெரியலையே. வயசாயிடுத்து பாருங்கோ. ஆனா டிஸ்க்கைக் குடுத்த மறுநாளே வீடியோவைக் கம்ப்யூட்டர்லேர்ந்து அழிச்சுட்டேனே, இடம் வேணும்னு. ரொம்ப வருத்தமா இருக்கு."

வருத்தமாக இருக்கிறவர் முகம் அப்படி இருக்காது. தர்மன் எழுந்திருக்கப் பார்த்தார். மது எழுந்திருக்கவில்லை. அவளுக்கு அய்யாசாமி கர்சீப்பால் முகம் துடைத்தது ஞாபகத்தில் இருந்தது. கோபம் வந்தது. கோபம் வந்தால் அவள் மிக மரியாதையாகப் பேசுவாள்.

"கோயி பாத் நஹீ அங்கிள், அதனால என்ன. இந்த புளூ-ரே எல்லாம் எங்க ஜெனரேஷன் விஷயம். டபுள் லேயர், வெரிஃபை எல்லாம் உங்களுக்குக் கஷ்டம்தான். நீங்க பழைய கேசட் ஆளு. தப்பு வரத்தான் செய்யும்."

ஸ்ரீவத்ஸனின் கை பாதியில் நின்றது.

"யாருக்குத் தப்பு வரும்?"

"உங்களுக்குத்தான் அங்கிள். பரவாயில்ல."

"குழந்தே, நான் முப்பத்திநாலு வருஷம் ரெகார்டு செக்‌ஷன்ல இருந்தவன். ஒரு பைல் தொலைஞ்சதில்லை. இந்த ஆத்துல இதுவரைக்கும் பதினெட்டு டிஸ்க் பர்ன் பண்ணியிருக்கேன். ஒண்ணு பெயிலாகலை. தெரியுமா?"

"சொல்றது ஈஸி அங்கிள்."

அவர் எழுந்தார். அலமாரியைத் திறந்தார். தடித்த அட்டை போட்ட ஒரு நோட்டை மேஜைமேல் 'தொப்'பென்று போட்டார். அதன் மேல் ஆங்கிலத்தில் 'டிஸ்க் பதிவேடு' என்று இருந்தது.

"பாரு. வரிசை எண், தேதி, விஷயம், ஆரம்பிச்ச நேரம், முடிஞ்ச நேரம், சரிபார்த்தாச்சா, சுருக்கொப்பம். ஒரு கட்டம் காலியா இருக்கான்னு சொல்லு!"

தப்பு செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளத் திட்டம் போட்ட மனிதர், தப்பே செய்ய மாட்டேன் என்று நிரூபித்துக்கொண்டிருந்தார். தர்மன் மெதுவாகத் திரும்ப உட்கார்ந்து கடைசி இரண்டு வரிகளைப் படித்தார்.

"பதினேழு. அக்டோபர் அஞ்சு. கொலுப் போட்டி, முழு வீடியோ. ஆரம்பம் பத்து பத்து. முடிவு பதினொண்ணே முக்கால். சரிபார்த்தாச்சு."

"பேஷா. நாப்பத்தாறு ஜி.பி. எழுத நாப்பத்தஞ்சு நிமிஷம், சரிபார்க்க அம்பது நிமிஷம்."

"பதினெட்டு. நவம்பர் பத்து. கொலுப் போட்டி, அய்யாசாமிக்கு நகல். ஆரம்பம் பன்னெண்டு அஞ்சு. முடிவு பன்னெண்டு எட்டு." தர்மன் நிமிர்ந்தார். "மூணு நிமிஷம்."

வெளியே தெருவில் சப்ஜிக்காரர் காலிஃபிளவர் என்று கூவிக்கொண்டு போனார்.

"அக்டோபர்ல ஒண்ணே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மியா எடுத்துக்கிட்ட அதே கொலு, நவம்பர்ல மூணு நிமிஷத்துல வெந்துடுச்சா சார்? மூணு நிமிஷத்துல டிஸ்க் வெளியே வந்தப்பவே உங்களுக்குத் தெரியும், உள்ள ஒண்ணும் ஏறலைன்னு. நேரத்தைப் பார்த்து எழுதியிருக்கீங்க. கையெழுத்தும் போட்டிருக்கீங்க. 'சரிபார்த்தாச்சு' கட்டத்துல மட்டும் கோடு போட்டிருக்கீங்க. பொய் எழுத மனசு வரல இல்லையா?"

ஸ்ரீவத்ஸன் நோட்டை மூடப் பார்த்தார். மதுவின் விரல் உள்ளே இருந்தது.

"கம்ப்யூட்டர்ல அழிச்சீங்க, சரி," என்றார் தர்மன். "பதினேழாம் நம்பர் டிஸ்க்கை என்ன பண்ணீங்க?"

"அது ரெகார்டு காப்பி. வெளியில போகாது."

"அழிக்கலையே?"

"எப்படி அழிப்பேன்? அது 'சி' கேட்டகிரி. மூணு வருஷம் வெச்சிருக்கணும்!" என்று வாய் முந்திக்கொண்டது. அப்புறம்தான் அவர் வாயை மூடினார். மூடிப் பயன் இல்லை.

காபித் தட்டோடு உள்ளே வந்தார் விசாலாக்ஷி மாமி, ஸ்ரீவத்ஸனின் மனைவி. "என்ன சத்தம்? எந்த டிஸ்க்?"

"அய்யாசாமி ஆத்து... சாரி ஆன்ட்டி, அய்யாசாமி வீட்டுக் கொலு," என்றாள் மது. "அது கிடைக்கலைன்னா இன்னிக்கு நாலு மணிக்கு அவங்க வீடு போயிடும். செப்டம்பர்ல அவங்க அங்க இல்லவே இல்லைன்னு யாரோ எழுதிப் போட்டிருக்காங்க."

"இல்லவே இல்லையா? நான்தானே ஜட்ஜா போனேன்! அந்தப் பொண்ணு கவிதா பாடினா. எனக்கு வெத்தலை பாக்கு கொடுத்து நமஸ்காரம் பண்ணினா." மாமி கணவரைப் பார்த்தார். "ஏன்னா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"இஷ்யூ பண்றப்போ கொஞ்சம் கவனக்குறைவு... நான் பார்த்துக்கறேன், நீ உள்ள போ."

மாமி உள்ளே போகவில்லை. அலமாரிக்குப் போனார். சிவப்பு நாடாவால் கட்டிய கவர்களில் பதினேழாவதை உருவித் தர்மன் கையில் கொடுத்தார்.

மது துள்ளி எழுந்தாள். "சலோ சார்ஜி, ஜல்தி!"

தர்மன் அசையவில்லை. அவருக்கு டிஸ்க் கிடைத்துவிட்டது. ஏன் என்பது கிடைக்கவில்லை. அய்யாசாமிமேல் இந்த மனிதருக்கு என்ன? இன்று வீடு பிழைத்தாலும், கடிதாசி போட்டவர் வெளியே இருக்கும்வரை நாளைக்கு இன்னொரு கடிதாசி வரும்.

கவரைத் திரும்ப மேஜைமேல் வைத்தார். "மன்னிக்கணும் சார். ரெகார்டு காப்பியை இப்படி வாய் வார்த்தையில வாங்கிட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை. முறையா பதிவு பண்ணிக் குடுங்க. உங்ககிட்ட டிஸ்பாட்ச் ரிஜிஸ்டர் இருக்குமே?"

மது அவரைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். ஸ்ரீவத்ஸனின் முகமோ, அந்தக் கலவரத்துக்கு நடுவிலும், மலர்ந்தது. ஓய்வு பெற்ற எட்டு வருடத்தில் அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. பெற்ற பெண்கூடக் கேட்டதில்லை.

"இருக்காமலா? உங்களை மாதிரி ஒருத்தர் கேக்கணுமே!" இழுப்பறையிலிருந்து இன்னொரு நோட்டை எடுத்தார். பக்கத்தைப் பிரித்தார். நீலப் பேனாவைத் திறந்து '43' என்று எழுதினார். அப்போதுதான் மேலே இருந்த வரிகள் அவர் கண்ணில் பட்டன. கை நின்றது.

தர்மனின் கை நிற்கவில்லை. நோட்டைத் தன் பக்கம் இழுத்து மதுவிடம் தள்ளினார். "இங்கிலீஷ்லதான் இருக்கு. படி."

மது படித்தாள். "நாற்பது. செப்டம்பர் பதினெட்டு. மாப்பிள்ளை சுந்தரேஷுக்காக விண்ணப்பம். ஆர்.கே.புரம் தரைத்தள வீடு, அது காலியானால் ஒதுக்கக் கோரி." கதவு எண்ணைப் படித்தாள். அய்யாசாமி வீட்டு எண். "நாற்பத்தொண்ணு. செப்டம்பர் பத்தொம்பது. அதே வீடு. உள்வாடகை குறித்து மொட்டைக் கடிதம். பிரதி மூன்று. சாதாரணத் தபால்..." அவள் குரல் உயர்ந்தது. "ஹே பக்வான்! அனுப்புநர்னு ஒரு கட்டம். அதுல 'பெயரில்லை'. பக்கத்துல கையெழுத்து!"

பெயரில்லை என்று எழுதி, அது சரி என்று தன் சுருக்கொப்பத்தையும் போட்டிருந்தார் ஸ்ரீவத்ஸன்.

"மொட்டைக் கடிதாசியை எவனாவது பதிவு பண்ணுவானா அங்கிள்?"

"நாப்பதுக்கு அப்புறம் நேரா நாப்பத்திரண்டு வந்தா..." ஸ்ரீவத்ஸனின் குரல் கீழே போய்விட்டது. "நடுவுல ஒரு நம்பர் எங்கேன்னு ஆடிட்ல கேப்பா."

"எந்த ஆடிட்?" என்றார் மாமி.



"மாப்பிள்ளை ரெண்டாவது மாடி ஏறினா மூச்சு வாங்கறதுன்னார். மெட்ரோ கிட்டக்க இருக்கு, கொய்யா மரம் இருக்குன்னார்," என்றார் ஸ்ரீவத்ஸன். "நம்ம பொண்ணுக்காகத்தானே..."

"கொய்யா மரம்." மாமியின் கண்ணில் நீர் நின்றது. குரலில் ஈரம் இல்லை. "ஒன்பது நாள் கழிச்சு அதே ஆத்துக்கு என்னையும் கூட்டிண்டு போய், அவா கையால சுண்டல் வாங்கிச் சாப்பிட்டேளே. ரெண்டாம் தடவை கேட்டு வாங்கினேளே! எப்படித்தான் தொண்டையில இறங்கித்து?"

தர்மனிடம் கையை நீட்டினார். "அவா நம்பரைப் போட்டுக் கொடுங்கோ."

போன் போனது. எடுத்தது தாயம்மாள். ஸ்பீக்கரில் பின்னால் பாத்திரங்கள் மூட்டை கட்டும் சத்தம் கேட்டது.

"தாயம்மா, நான் விசாலாக்ஷி. கொலு பார்க்க வந்தேனே, ஞாபகம் இருக்கா? பெட்டியைப் பிரிச்சு வை. எல்லாத்தையும் எடுத்த இடத்துல வை. நாலு மணிக்கு வீடியோவும் வரும், நானும் வரேன். நீங்க எங்கேயும் போக வேண்டாம்."

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. பிறகு, "கவிதா, அந்தக் குக்கர வெளிய எடுடி," என்று ஒரு குரல். மது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜோக் எதுவும் அகப்படவில்லை அவளுக்கு.

மாமி போனைத் திருப்பிக் கொடுத்தார். கணவரைப் பார்த்து, "சட்டை நன்னாத்தான் இருக்கு. கிளம்புங்கோ. நீங்களே வந்து சொல்லணும்," என்றார்.

"விசாலம், என் பேரு என்ன ஆகும்?"

"நாப்பத்தொண்ணுலதான் பேரில்லைன்னு எழுதிட்டேளே."

ஸ்ரீவத்ஸன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, மாமி நின்றபடியே மேஜைமேல் குனிந்தார். 43-க்கு நேராக டிஸ்க்கைப் பதிவு செய்தார். அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினார். தர்மன் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்.

'44. பெறுநர்: விசாரணை அதிகாரி. பொருள்: ஸ்ரீவத்ஸன், அசல், ஒரு பிரதி.'

கடைசியில் 'திரும்ப வர வேண்டிய தேதி' என்று ஒரு கட்டம் இருந்தது. மாமி அதை ஒரு நிமிடம் பார்த்தார், காலியாகவே விட்டார். பேனாவை மூடிவைத்துவிட்டு, வீட்டைப் பூட்டச் சாவியை எடுத்துக்கொண்டார்.